நீனா எப்போதும் இருப்பாள்

மே 14, 2024 – செவ்வாய்

இந்த நேரத்துக்கு எழுத உட்கார்வதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நோட்டிடமா, நாளைக் காலை மருந்துக்கடைக் கவுண்டரில் தூங்கி வழியப்போகிற என்னிடமா? கோர்னேல் இப்போதுதான் தூங்கினான். வாசல் கதவை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். தோட்டத்துக் கேட்டையும் பார்த்துவிட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய். எட்டு வயதுப் பையன், தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தால்தான் பேனா ஓடும்போல.

பார்த்துவிட்டேன்.

இன்று அவனுடைய பாஸ்போர்ட் வந்தது. போட்டோவில் கண் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். நகராட்சியில் இருந்த பெண் பெருமூச்சு விட்டு, "சரி, டால்பினுக்கு அடையாளம் தெரிஞ்சாப் போதும்" என்றாள். அவளும் ஸ்பகெட்டிக்கு வந்தவள்தான்.

வராதவர் யார்? எங்கள் ஊரில் ஒருவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பகெட்டி விருந்து வைத்துக் காசு சேர்ப்பதுதான். தேவாலயக் கூரை ஒழுகினால் ஸ்பகெட்டி, பேண்டு குழுவுக்கு டிரம் கிழிந்தால் ஸ்பகெட்டி. மார்ச் மாதம் எங்களுக்காக, டால்பினோடு நீந்தினால் பேச்சு வரும் என்கிற மையத்துக்குக் கோர்னேலைக் கூட்டிப்போக. ஊர் மண்டபம் நிறைய நீள மேசைகள், தட்டுக்கு அடியில் விரித்த காகிதங்களில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த டால்பின்கள். என் மாமனார் ஃபிர்மின் நாற்பது வருடம் கசாப்புக்கடை வைத்திருந்தவர். இரண்டு நாள் நின்று அண்டா அண்டாவாக இறைச்சிக் குழம்பு காய்ச்சினார். ரொட்டிக்கடை மரீ-ரோஸ் நள்ளிரவு தாண்டியும் பாத்திரம் கழுவினாள். பேசாத ஒரு பிள்ளைக்காக ஊரே சாப்பிட்டது.

மறுநாளே டால்பின் படத்தைச் சுவரில் ஒட்டினேன். கோர்னேலின் நாள் முழுவதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ரொட்டி, பள்ளி வேன், குளியல், கட்டில் என்று வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அவனுக்கு வார்த்தை வேண்டாம், படம் போதும். படம் இருந்தால் அது நடக்கும். வரிசைக்கு அப்பால், தனியாக, டால்பின்.

தினமும் காலையில் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். காத்திருக்க அவனுக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மே 16

தலைவலி. மழை. டிக்ஸ்மைடே நீச்சல்குளத்துக்குப் போனோம். காது தண்ணீருக்குள் முங்கியதும் முகம் அப்படியே தளர்ந்துவிடுகிறது அவனுக்கு. ஐந்து வயதில் இதே குளத்தில்தான் "ம்ம்ம்" என்று நீளமாக ஒரு சத்தம் போட்டான். அது வார்த்தை இல்லை என்று டாக்டர் சொன்னார். சரி, இல்லை. ஆனால் தண்ணீரில்தானே வந்தது?

மே 20 – பெந்தகோஸ்து திங்கள்

விடுமுறை. கென்ட்டிலிருந்து அன்னலோர் வந்திருந்தாள், மகள் ஃபீனோடு. கென்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமானவள். இரண்டு பேரும் பேசாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு பேசுவோம். மூன்று வருடத்துக்கு முன் ஃபீனை இதே மையத்துக்குக் கூட்டிப்போனவள். துருக்கிக் கடற்கரை, பத்து நாள், நீனா என்கிற இதே டால்பின்.

காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சுவர் முன்னால் நின்றாள்.

"இது யாரு?"

"நீனாதான். இந்த வசந்தத்துல மையத்துலேர்ந்து அனுப்பின போட்டோ."

"இது நீனா இல்லியே."

சிரித்தேன். டால்பினில் என்ன இது, அது?

"இல்லடி. எங்க நீனாவுக்கு முதுகுத் துடுப்புல ஒரு வெட்டு இருக்கும். இவ்ளோ ஆழம். ஃபீன் பத்து நாளும் அதுக்குள்ளதான் விரலை வச்சிட்டிருந்தா. வளர்ந்து மூடுற வெட்டு இல்ல அது."

போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். ஃபீன், தண்ணீர், சின்ன விரல், வெட்டு. என் சுவரில் இருக்கிற துடுப்பு வழுவழுவென்று இருக்கிறது.

கிளம்பும்போதுதான் கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் துணியாத கேள்வி.

"அங்க போனப்புறம் ஃபீன் ஏதாவது பேசினாளா?"

"சிரிச்சா. பத்து நாளும் சிரிச்சா."

"வந்தப்புறம்?"

காரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "நீ போய்ட்டு வா. ஒவ்வொரு பிள்ளையும் வேற வேற" என்றாள்.

மே 23 – வியாழன்

மையத்துக்குப் போன் செய்தேன், மருந்துக்கடைப் பின்னறையிலிருந்து. நல்ல பெண். எங்கள் மொழியே பேசுகிறாள், ஆன்ட்வெர்ப் பக்கத்துக்காரி போலிருக்கிறது.

"நீனாவுக்குத் துடுப்புல வெட்டு இருக்குமாமே?"

"அது முந்தின நீனா, மேடம்."

முந்தின நீனா. நேற்றைய ரொட்டி என்பது போலச் சொன்னாள்.

"அவ எங்க இப்ப?"

"அந்தத் தகவல் எங்கிட்ட இல்ல."

"செத்துடுச்சா?"

"மேடம், நீங்க கவலையே படாதீங்க. உங்க பையன் வர்றப்ப நீனா இருப்பா. நீனா எப்பவும் இருப்பா."

ஏன் ஒரே பெயர் என்று கேட்டேன். குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டாள். "பிள்ளைங்களுக்காகத்தான். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மாற்றம் ஆகாது, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்குத் தெரியாததா.

வைத்துவிட்டு ஒரு வயதான அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொடுத்தேன். பெயரைச் சரியாகப் படித்துத்தான் கொடுத்தேன். பிறகும் வாசல்வரை ஓடிப்போய் டப்பாவை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன்.

மே 24

பாவோவிடம் இன்னும் சொல்லவில்லை. லீவு எழுதிக்கொடுத்துவிட்டான். தொழிற்சாலையில் எல்லோரும் அவனை டால்பின் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டே சொல்கிறான். என் கணவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மே 30 – வியாழன்

மையத்தின் இணையதளத்தில் ஒரு கேமரா இருக்கிறது. குளம் எந்நேரமும் தெரியும். குழந்தைகள் இருக்கும் நேரத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்து அழுதிருக்கிறேன். இன்று அரை நாள் வேலை. துணி மடித்துக்கொண்டே, யாரும் இல்லாத நேரத்தில் பார்த்தேன்.

சுற்றுகிறது. அவ்வளவுதான். இடப்பக்கமாக, சுவரை ஒட்டி, ஒரே வேகத்தில். திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் தலையை ஒரு தரம் ஆட்டுகிறது.

கையில் கோர்னேலின் பனியன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இது எனக்குத் தெரியும். பள்ளியில் ஏதாவது நடந்து, சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வருகிற நாளில் அவன் சாப்பாட்டு மேசையை இப்படித்தான் சுற்றுவான். சுவர்ப் பக்கம் வரும்போது தலையை ஆட்டுவான். முதல் முறை பார்த்தபோது விளையாடுகிறான் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடிக் கைதட்டினேன். விளையாட்டு இல்லை, இவ்வளவுதான் அவனால் கத்த முடியும் என்று பிறகு சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கே குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருக்கிறார்கள். அம்மாக்கள் உட்கார்ந்து கைதட்ட.

ஜூன் 2 – ஞாயிறு

பாவோவிடம் சொன்னேன். கோர்னேல் தோட்டத்தில் குழாயடியில் இருந்தான். நடுவில் ஒரு தரம் எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். "நான் பூட்டிட்டேன், உக்காரு" என்றான் பாவோ.

போட்டோ, முந்தின நீனா, கேமரா, எல்லாம் சொன்னேன். முடித்ததும் கேட்டான்:

"அது ஏற்கெனவே தொட்டிக்குள்ளதான இருக்கு. நாம போகலன்னா நாளைக்குக் கடலுக்குப் போயிடுமா?"

"போகாது."

"அப்ப?"

"நாம போனா அடுத்த நீனா வரும், பாவோ. கோர்னேலுக்காகன்னு சொல்லியே கொண்டுவருவாங்க."

"சரி, வரட்டும்! நம்ம பிள்ளை ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒரு டால்பின் தொட்டில கிடந்தா கிடக்கட்டும். நான் கெட்டவன்னா கெட்டவன்தான். அவன் அப்பான்னு கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல. எனக்கு வேணும் அது. அதுக்கு மேல நான் ஒண்ணும் யோசிக்கல."

நானும் கேட்டதில்லையே. அம்மா என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லையே. அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே காயம். யாருடையது பெரிது என்று காட்டி என்ன ஆகப்போகிறது?

ஜூன் 9 – ஞாயிறு, தேர்தல்

ஓட்டுச்சாவடி அதே ஊர் மண்டபம். ஓட்டுப் போடுவது கட்டாயம் என்பதால் ஊர் மொத்தமும் வரிசையில். முன்னால் ஒருவர், பின்னால் இருவர், எல்லோரும் கோர்னேலைக் குனிந்து பார்த்து, "எப்பப்பா கிளம்புறே?" அவன் என் சட்டை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றான். பாவோ என்னைப் பார்த்தான். சொல்லேன், இவங்களுக்குச் சொல்லேன் என்கிற பார்வை. "சீக்கிரம்" என்றேன் எல்லோரிடமும்.

மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. பீரில் வேகவைத்த மாட்டிறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு. பாவோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, இவ ஒண்ணு சொல்லணுமாம்" என்றான்.

சொன்னேன்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை, என் தட்டைப் பார்த்தார். "நாப்பது வருஷம் மாடு வெட்டினவன் வீட்டுல உக்காந்து, அவன் சமைச்ச மாட்டைத் தின்னுக்கிட்டு, மீனுக்கு அழறியா பொண்ணு?"

"அது மீன் இல்லப்பா."

"எனக்கும் தெரியும் அது மீன் இல்லன்னு."

மாட்டுக்கு ஒரு நியாயம், டால்பினுக்கு ஒரு நியாயமா என்றால் எனக்குத் தெரியாது. அந்த மாடு என் பிள்ளையைப் போலச் சுற்றி நான் பார்த்ததில்லை என்பது ஒரு பதிலா?

"ரெண்டு நாள் நின்னேன்" என்றார் மாமனார். "முட்டி வீங்கிப் போச்சு. வலிக்கவே இல்ல. இந்தப் பய என்னைத் தாத்தான்னு கூப்பிடப் போறான்னு நின்னேன்."

யாரும் இனிப்பு சாப்பிடவில்லை. கோர்னேல் மட்டும் சாப்பிட்டான், எல்லோருடையதையும்.

ஜூன் 12

ரொட்டிக்கடை. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மரீ-ரோஸ் ரொட்டியை மெஷினில் போட்டு அறுத்துக்கொண்டே, "காசைப் பத்தி நான் பேசல. அதை என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியும். டால்பினுக்குப் பாவம் பாக்குறவளுக்கு, பாத்திரம் கழுவின கைக்குப் பாவம் பாக்கத் தோணலியேன்னுதான்."

"மரீ-ரோஸ், நான்..."

"சொல்லாத. படிச்சவ நீ. நல்லா சொல்லுவ, நானும் தலையாட்டிடுவேன்."

பிறகு வழக்கம்போலக் கோர்னேலுக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்து, என்னைப் பார்க்காமல், அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

வீடு வரும்வரை கண் தெரியவில்லை எனக்கு.

ஜூன் 15 – சனி

ஒன்றை இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

போய், பத்து நாள் இருந்து, அவன் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தால்? அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது? குதிரை பார்த்தாயிற்று, இசை பார்த்தாயிற்று, மருந்து பார்த்தாயிற்று. டால்பின்தான் கடைசி. போகாமலே இருந்தால், போயிருந்தால் பேசியிருப்பான் என்று சாகிறவரை நினைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த நீனாவைப் பிடித்துக்கொண்டேனா? டால்பினுக்காக அழுகிறேனா, எனக்காகவா?

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யோசித்துவிட்டேன். பிறகு கேமராவைத் திறந்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. நான் கோழையாக இருந்தாலும் அது சுற்றும். தியாகியாக இருந்தாலும் சுற்றும்.

ஜூன் 20 – வியாழன்

ரத்து செய்துவிட்டேன். மையம், விமானம், எல்லாம். பாவோ வேலையில் இருந்தான். அவனைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ரத்து செய்யாதே என்றிருப்பான். அதனால் கேட்கவில்லை. அதுதான் உண்மை. வேறு அலங்காரம் வேண்டாம்.

ஜூன் 21

பாவோ கத்துவான் என்று பயந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"டால்பின் விஷயத்துல நீ சொல்றது சரியாகூட இருக்கலாம், மாக்டெல்ட்" என்றான். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. "நானும் அந்தக் கேமராவைப் பாத்தேன். ராத்திரி ஷிப்டுல உக்காந்து பாத்தேன். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ விடல. அவன் எனக்கும் பிள்ளைதான?"

நான் என்ன செய்துவிட்டேன்?

ஜூன் 23 – ஞாயிறு

சுவரிலிருந்து டால்பினை எடுத்தேன். எடுக்காமல் வைத்திருப்பது பொய். படம் இருந்தால் அது நடக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்.

அவன் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். டால்பின் மேல் சிவப்புக் கோடு போட்ட அட்டையை வைத்து, பிறகு எடுத்து, அந்த இடத்தில் டே பன்னே கடற்கரைப் படத்தை ஒட்டினேன். "டால்பின் இல்ல, கோர்னேல். கடல். நம்ம கடல்." சிரித்துக்கொண்டே சொன்னேன். எப்படிச் சிரித்தேன்?

அவன் கடல் படத்தைப் பிய்த்தான். கிழிக்கவில்லை. கவனமாகப் பிரித்து, என் கையைத் திறந்து, உள்ளே வைத்தான். கடை தவறாகக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. பிறகு காலியான இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு மேசையைச் சுற்றத் தொடங்கினான். சாயங்காலம்வரை சுற்றினான். நான் கைதட்டவில்லை. பக்கத்திலேயே நடந்தேன். சுவர் வரும்போது தலை இடிபடாமல் கையை வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24

இன்றும் காலையில் அந்தக் காலி இடத்தில் கை.

ஜூன் 27

பாவோ அவன் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறான். "கொஞ்ச நாள்" என்றான். பல் தேய்க்கும் பிரஷை எடுத்துப் போயிருக்கிறான். குளிர்கால ஜாக்கெட் இங்கேயே இருக்கிறது. ஜூன் மாதத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன், பைத்தியம்போல.

ஜூலை 2

மாமனார் போன். ஏப்ரலில் வெட்டிய வேலிச்செடி வளர்ந்துவிட்டதா, மழையில் கூரை எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டு:

"இவன் என் சோபால காலை மடக்கிட்டுத் தூங்குறான். ஆறடி ஆளு. முதுகு போயிடும்."

"சரிப்பா."

"சொல்லணும்னு தோணிச்சு."

"சரிப்பா."

"பய சாப்பிடறானா?"

"சாப்பிடறான்."

டால்பின் பேச்சு வரவில்லை.

ஜூலை 6 – சனி

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடிமேல் நோட்டு, மேலே சின்ன விளக்கு. வாசலில்தான் நிற்கிறது கார்.

காலையில் எழுந்தபோது கட்டிலில் அவன் இல்லை. கேட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது, ஏறிக் குதித்துக் கால்வாய்க் கரை முழுவதும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். அவன் எங்கே பதில் சொல்லப்போகிறான், கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். காரில் இருந்தான். பின்சீட்டில், அவன் இடத்தில். நீச்சல் கண்ணாடி மாட்டியிருந்தான். பெல்ட்டைக்கூட அவனே போட்டிருந்தான்.

எப்படித் தெரிந்தது இவனுக்கு? பாஸ்போர்ட் அலமாரியில். சுவரில் ஒன்றும் இல்லை. பெட்டி எதுவும் எடுத்துவைக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. நான்தான் சொல்லியிருக்கிறேன். வசந்தம் முழுக்க, குளிப்பாட்டும்போது, தலை துவட்டும்போது, பதில் வராது என்று தெரிந்துகொண்டே சும்மா பேசுவேனே, அப்போது. ஜூலை முதல் சனிக்கிழமை, கோர்னேல், முதல் சனிக்கிழமை. படம் இல்லாமல் அவனுக்கு எதுவும் புரியாது என்று எட்டு வருடமாக நம்பியிருக்கிறேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அப்படியென்றால் மீதியையும் கேட்டிருப்பான். அன்று மாமனார் வீட்டில் பேசியதை. ரொட்டிக்கடையில் பேசியதை. பாவோவும் நானும் சமையலறையில் பேசியதை. பேசுவானா மாட்டானா என்று அவன் தலைக்கு மேலேயே பேசியதை எல்லாம்.

இறங்கவில்லை. இழுக்க மனசு வரவில்லை எனக்கு. நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மத்தியானம் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தேன், காரிலேயே சாப்பிட்டான். சிறுநீருக்கு ஒரு தரம் இறங்கி, ஓடிவந்து, மறுபடி பெல்ட் போட்டுக்கொண்டான். மரீ-ரோஸ் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தாள். நின்று பார்த்தாள். போய்விட்டாள்.

அவனிடம் எல்லாம் சொன்னேன். படம் இல்லாமல், வெறும் வார்த்தையில், பெரிய மனிதனிடம் சொல்வதுபோல. துடுப்பில் வெட்டு இருந்த நீனாவை. அவளுக்குப் பிறகு வந்த நீனாவை. அவள் குளத்தில் சுற்றுவதை. "நீ மேசையைச் சுத்துவியே, அந்த மாதிரி. அவளுக்கும் சொல்லத் தெரியல. அதனாலதான் அம்மா வேண்டாம்னேன். அப்பாகிட்ட கேக்காமலே வேண்டாம்னேன். அது தப்பு." கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் விழுந்திருந்தது. அழுதானா, கண்ணாடி இறுக்கமா, தெரியவில்லை. என் தோளில் சாய்ந்தான். தூங்கிவிட்டான்.

இருட்டிவிட்டது. பாவோவுக்கு இப்போது அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"பாவோ, கோர்னேல் காலையிலிருந்து காரில் இருக்கிறான். இன்றைக்குக் கிளம்புவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பேசுவது எல்லாமே அவனுக்குப் புரிகிறது, பாவோ, எல்லாமே. இப்போது பின்சீட்டில் தூங்குகிறான். குளிர்கிறது. அவனை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. பார்த்ததும் பதில் போடு."